தோழிகளைக் கூப்பிடச் சொன்னவள்

சாகக் கிடக்கிறாள் தொக்-இம். செய்தி கேட்டு அரசன் அலறியடித்துக்கொண்டு வருகிறான். ஆனால் அவள் கூப்பிட்டது அவனை அல்ல, கியொங்-ஹியையும் போக்-யோனையும். சிறுமியாக அரண்மனைக்குள் வந்த நாளிலிருந்து ஒரே அறையில் படுத்து, ஒரே தட்டில் தின்பண்டம் பகிர்ந்த தோழிகள் அவர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் அரசனுக்கு இது புரியவில்லை. தன்னைத் தேடாமல் ஏன் அவர்களைத் தேடுகிறாள் என்பது, மனைவி சாகும் அந்த நேரத்திலும் அவனுக்குள் ஒரு புண்ணாகிறது. பிறகு அவள் ஒன்று கேட்கிறாள். அடுத்த பிறவியில் என்னைப் பார்த்தால், அடையாளம் தெரிந்தாலும், தெரியாதவர்போலக் கடந்து போய்விடுங்கள் என்கிறாள்.

காதல் கதையின் நாயகி சாகும்போது சொல்லக்கூடாத வசனம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஏழேழு பிறவிக்கும் நீயே வேண்டும் என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது கன்னத்தில் விழுந்த அறை.

‘தி ரெட் ஸ்லீவ்’ என்ற கொரிய வரலாற்றுத் தொடரின் கடைசி அத்தியாயத்தைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். தென்கொரியாவின் எம்பிசி தொலைக்காட்சியில் 2021 நவம்பரில் தொடங்கியது. பதினாறு அத்தியாயங்களாகத் திட்டமிட்டு, பதினேழாக நீட்டினார்கள். கடைசி இரண்டும் 2022 புத்தாண்டு நாள் இரவில் அடுத்தடுத்து ஒளிபரப்பாயின. 5.7 விழுக்காட்டில் ஆரம்பித்த பார்வையாளர் அளவு அன்றைக்கு 17.4 விழுக்காட்டுக்குப் போயிருந்தது. புத்தாண்டு இரவில் ஒரு நாட்டையே அழவைத்துப் படுக்கப் போகச் சொன்னார்கள். இன்னும் பார்க்காதவர்கள், முடிவைச் சொல்லிவிட்டேன் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த முடிவை 1786-ஆம் ஆண்டே வரலாறு சொல்லிவிட்டது.

கதையின் அரசன் யி சான், ஜோசன் வம்சத்தின் 22-ஆவது மன்னன் ஜொங்ஜோ. 1752-இல் பிறந்து, 1776-இல் அரியணை ஏறி, 1800-இல் இறந்தவன். அவன் தந்தை சாதோ பட்டத்து இளவரசர். 1762 கோடையில், தாத்தா யொங்ஜோ தன் சொந்த மகனான அந்தச் சாதோவை அரிசி வைக்கும் மரப்பெட்டிக்குள் அடைக்க உத்தரவிட்டார். எட்டு நாள் அந்தப் பெட்டிக்குள் கிடந்து செத்தார் சாதோ. அப்போது சானுக்குப் பத்து வயது. மகனைக் கொன்ற அதே தாத்தாவின் மடியில்தான் பேரன் அரசாட்சி பயில வேண்டியிருந்தது. தொடரின் முதல் பாதி முழுவதும் இந்தப் பயம் ஓடுகிறது. யொங்ஜோவாக நடித்த லீ தொக்-ஹ்வா சிரிக்கும்போதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. கொஞ்சுகிற கை எப்போது அறைகிற கையாகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதையெல்லாம் கடைசி அத்தியாயத்தைப் பற்றிய கட்டுரையில் ஏன் சொல்கிறேன் என்றால், அந்த அத்தியாயத்தில் சான் செய்கிற எல்லாவற்றுக்கும் வேர் அங்கே இருக்கிறது. பாசத்துக்கும் ஆட்சிக்கும் நடுவில் ஆட்சியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பத்து வயதில் பார்த்துக் கற்றவன் அவன். தாத்தாவைப்போல் ஆகமாட்டேன் என்று வாழ்நாள் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன், நல்ல அரசனாகவும் ஆனவன், மகன் செத்த வீட்டில் மனைவியிடம் பேசும்போது அரசனாகவே பேசுகிறான்.

அந்த இடத்துக்கு வருகிறேன். தொக்-இம் பெற்ற பிள்ளை, பட்டத்து இளவரசன் முன்ஹ்யோ, தட்டம்மையில் இறந்துபோகிறான். ஏறத்தாழ அதே சமயத்தில்தான் நான்கு தோழிகளில் ஒருத்தியான யொங்-ஹி காவலன் ஒருவனோடு உறவு வைத்திருந்தது வெளியே தெரிந்து மரண தண்டனைக்கு ஆளாகிறாள். அரண்மனைப் பணிப்பெண்கள் சட்டப்படி அரசனின் பெண்கள். அரசன் அவர்களில் ஒருத்தியை வாழ்நாளில் ஒருமுறைகூட ஏறெடுத்துப் பார்க்காமல் போகலாம், ஆனாலும் அவள் வேறொருவனை விரும்பினால் அது குற்றம். தொடரின் தலைப்பிலுள்ள சிவப்புச் சட்டைக்கை அந்த உடைமையின் அடையாளம்தான்.

ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் தோழி. வயிற்றில் இன்னொரு குழந்தை. தொக்-இம் சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறாள். சான் வந்து, நீ அரசனின் துணைவி, உனக்குக் கடமை இருக்கிறது, மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்கிறான். அவனுக்கும் மகன் செத்திருக்கிறான், அவனும் உள்ளே நொறுங்கித்தான் இருக்கிறான். அதை லீ ஜுன்-ஹோ குரலைத் துளியும் உடையவிடாமல் பேசுகிறார். நான் அந்தக் காட்சியில் இரண்டு பேர் பக்கமும் மாறி மாறி நின்றேன். அவன் சொல்வது கொடுமை. அதே கொடுமையைத் தனக்கும் செய்துகொண்டுதான் சொல்கிறான். அப்படியிருந்தும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்த வாழ்க்கை அவனுக்குப் பிறப்பால் வந்தது. தொக்-இம்முக்கு, இரண்டு முறை வேண்டாம் என்று சொன்ன பிறகு வந்தது.

அவள் வேண்டாம் என்றதற்குக் காரணத்தைத் தொடர் மிகப் பொறுமையாகக் கட்டியிருக்கிறது. பணிப்பெண்ணாக இருந்தபோது தொக்-இம் கதைப்புத்தகங்களைப் பிரதியெடுத்துக் காசு சேர்த்தவள். குரலை ஏற்றி இறக்கிக் கதை படித்தால் மொத்தக் கூட்டமும் வாய் பிளந்து உட்கார்ந்திருக்கும். சம்பளம், வேலை, நாளைக்கு என்ன செய்யலாம் என்ற திட்டம், வம்பு பேசத் தோழிகள். எல்லாமே சின்னச் சின்ன விஷயங்கள், ஆனால் எல்லாம் அவளுடையவை. அரசனின் துணைவியானால் மேலே போவது போலத் தெரியும். ஆனால் அந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே வேலைதான், அவன் வருவானா என்று காத்திருப்பது. அவன் வேறொருத்தியிடம் போனாலும் முகம் சுளிக்கக்கூடாது. அவனை நேசிக்கத் தொடங்கினால் இந்தக் காத்திருப்பு இன்னும் தாங்கமுடியாததாகிவிடும் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதனால்தான் அவ்வளவு நாள் ஓடினாள்.

லீ செ-யொங்கின் நடிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் பாதியில் அவர் ஓடுகிறார், ஒளிகிறார், தடுக்கி விழுகிறார், பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறார். கடைசி அத்தியாயத்தில் அந்த உடம்பு உட்கார்ந்துவிடுகிறது. கனமான உடை, கனமான கொண்டை. தலையைத் திருப்பினால்கூட மெதுவாகத்தான் திரும்புகிறது. நான் இழந்துவிட்டேன் என்று அவர் வாயால் சொல்லவே வேண்டியதில்லை.

இனி வரலாற்றுப் பக்கம். தொடர் முடிந்த கையோடு நான் உண்மையான ஜொங்ஜோவைத் தேடிப் படிக்கப் போய்விட்டேன். வரலாற்று நாடகம் பார்ப்பவர்களுக்கு இந்த வியாதி இருக்கும்.

அங்கே இரண்டு வெவ்வேறு மனிதர்கள் இருந்தார்கள். ஜோசன் அரசவைக் குறிப்புகளில், 1786-ஆம் ஆண்டு ஒன்பதாம் மாதம், உய்பின் சொங், அதாவது தொக்-இம், இறந்த நாளில் மன்னன் சொன்னது பதிவாகியிருக்கிறது. இனி நாட்டுக் காரியங்கள் நம்பி நிற்க இடமே இல்லாமல் போயிற்று என்ற பொருளில் சொல்லியிருக்கிறான். அவள் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தவள். சில மாதங்களுக்கு முன்புதான் பட்டத்து இளவரசன் இறந்திருந்தான். ஆகவே வாரிசு என்ற கணக்கில் அது முற்றிலும் சரியான வாக்கியம். மகன் செத்த வீட்டில் கடமையைப் பற்றிப் பேசுகிற தொடரின் சான் இந்தக் குறிப்பிலிருந்து எழுந்து வந்தவன் போலவே இருக்கிறான்.

இன்னொரு மனிதன், அவளுக்காக ஜொங்ஜோ தன் கையால் எழுதிய கல்லறை வாசகத்தில் இருக்கிறான். 1766-இல் முதன்முதலாக அவளைக் கேட்டபோது, இளவரசனின் மனைவிக்கு இன்னும் பிள்ளை பிறக்கவில்லை, நான் எப்படி ஏற்பேன் என்று அழுது மறுத்தாள் என எழுதுகிறான். அவன் மனம் இளகி வற்புறுத்தாமல் விட்டுவிட்டான். 15 ஆண்டுகள் கழித்து மறுபடி கேட்டான், மறுபடி மறுத்தாள். அவளுடைய பணியாளரை அவன் தண்டித்த பிறகுதான் இணங்கினாள். இதை அவனே எழுதியிருக்கிறான். ஒரு மன்னன், தான் விரும்பிய பெண் தன்னை இரண்டு முறை வேண்டாம் என்றாள் என்பதையும், கடைசியில் எப்படி வழிக்குக் கொண்டுவந்தேன் என்பதையும், அவள் கல்லறைக்காக எழுதுகிறான். மறைத்திருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? அவனுக்கு அது அவளுடைய பெருமையாகத் தோன்றியிருக்க வேண்டும். அரசியை மதித்த உத்தமி என்று. எனக்கோ அந்த வாசகத்தில் உத்தமியைவிட, வேறு எந்த வழியும் இல்லாத இடத்தில் மறுப்பதற்கு ஒரு கண்ணியமான சாக்கைக் கண்டுபிடித்த புத்திசாலிப் பெண்தான் தெரிகிறாள். இது என் ஊகம். அவள் தரப்பில் எழுதப்பட்ட ஒரு வரி கிடையாது. தொடரைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு வேறுமாதிரிப் படிக்க முடியவில்லை.

தன் தரப்பில் ஒரு வரி எழுதி வைக்காதவளின் பெயர் இன்னொரு இடத்தில் இருக்கிறது. 1773-இல் அரண்மனைக்குள் ஒரு நெடுங்கதையைப் பெண்கள் சேர்ந்து பிரதியெடுத்தார்கள். ‘குவாக் ஜாங் யாங் முன்ரோக்’ என்று பெயர், பத்துத் தொகுதிகள். எழுதியவர்களில் சானின் தங்கைகளான இரண்டு இளவரசிகள் உண்டு. சொங் தொக்-இம் உண்டு. அவளோடு யொங்-ஹி, கியொங்-ஹி, போக்-யோன் என்று மூன்று பணிப்பெண்களின் பெயர்களும் உண்டு. இதைப் படித்த இடத்தில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த மூவரும் கதைக்காக உண்டாக்கிய துணைப் பாத்திரங்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். முகமும் குணமும் காதலும் தண்டனையும் கதையாசிரியர்களின் வேலையாக இருக்கலாம். ஆனால் நான்கு பெண்கள் ஒரே புத்தகத்தைப் பகிர்ந்து எழுதியது உண்மை. ஆக, சாகும்போது அவள் கேட்ட பெயர்கள் கண்ணீருக்காகப் புனைந்தவை அல்ல. அவளுடைய கையெழுத்துக்குப் பக்கத்தில் கையெழுத்தாக இருந்தவர்கள். தொடரை எழுதியவர்கள் அரசனின் கல்லறை வாசகத்தை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் ஒரு நல்ல சோகக் காதல் கதை கிடைத்திருக்கும். இந்தப் பிரதியையும் பக்கத்தில் வைத்ததால்தான் தொக்-இம் என்று ஒருத்தி கிடைத்திருக்கிறாள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜொங்ஜோவுக்குக் கதைப்புத்தகங்கள் என்றாலே ஆகாது. ஆட்சிக்கு வந்த 1776-லேயே அரசு நூலகமான கியுஜாங்காக்கை நிறுவிய பெரும் படிப்பாளி அவன். 1792 வாக்கில், அறிஞர்களின் எழுத்துநடை கதைப்புத்தக நடையால் கெட்டுப்போகிறது என்று சொல்லி, பழைய செந்நடைக்குத் திரும்புங்கள் என்று ஒரு இயக்கமே நடத்தினான். அக்கால எழுத்தாளர் பாக் ஜி-வொன் எழுதிய பயண நூலும் அதில் மாட்டிக்கொண்டது. தொக்-இம் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. உயிரோடு இருந்திருந்தால் இந்த உத்தரவைக் கேட்டு என்ன முகபாவம் காட்டியிருப்பாள் என்று தொடரில் ஒரு காட்சி வைக்க வாய்ப்பில்லாமல் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மரணத்துக்குப் பிறகு கடைசி அத்தியாயத்தில் இன்னும் நிறைய நேரம் மிச்சம் இருக்கிறது. சான் வேறு துணைவியை ஏற்கிறான், வாரிசு பிறக்கிறான், தாடி நரைக்கிறது, நல்லாட்சி நடக்கிறது. இந்தப் பகுதி விறுவிறுவென்று ஓடுகிறது, ஓடட்டும். ஆனால் ஒரு காட்சியில் நிற்கிறது. தொக்-இம் பணிப்பெண்ணாக இருந்தபோது உடுத்திய பழைய உடை அவன் கைக்கு வருகிறது. அதை விரித்துப் பார்க்கிறான். இவ்வளவு சின்ன ஆளா அவள் என்கிறான். வருடக்கணக்காகப் பூட்டி வைத்த அழுகை ஒரு சட்டையின் அளவைப் பார்த்து உடைந்து வெளியே வருகிறது. செத்தவர்களின் நகை நட்டைப் பார்த்துக் கலங்காதவர்கள்கூட அவர்களுடைய செருப்பைப் பார்த்தால் உடைந்துபோவார்கள், அதுபோல. ஆனால் என்னைத் தைத்தது வேறொன்று. அவன் அழுவது உய்பின் என்ற பட்டத்தோடு பட்டு உடுத்தியிருந்த துணைவியின் உடையைக் கட்டிக்கொண்டு அல்ல. அவன் கேட்டதற்கு வேண்டாம் என்று சொன்ன அந்தப் பெண்ணின் உடையைக் கட்டிக்கொண்டு. தன்னிடம் வந்தபோது அவள் எதைக் கழற்றிவைத்துவிட்டு வந்தாள் என்பது அவனுக்கு அப்போதுதான் கையில் படுகிறது.

பிறகு அந்தக் கனவு. 1800. சான் கண் விழிக்கும்போது இளைஞனாக இருக்கிறான், தொக்-இம் பக்கத்தில் இருக்கிறாள், கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டீர்கள் என்கிறாள். இது எந்த இடம் என்று அவனுக்கு மெல்லப் புரிகிறது. அவள், உங்கள் இடத்துக்குத் திரும்பிப் போங்கள், அங்கே நீங்கள் அரசர் என்கிறாள். அவன் போகமாட்டேன் என்கிறான். இது கடந்த காலமோ, கனவோ, சாவோ, எதுவாக இருந்தாலும் இந்தக் கணம் போதும் என்கிறான். என்னை நேசி என்று கெஞ்சுகிறான்.

இந்தக் காட்சியைப் பற்றி எனக்கும் என் அக்காவுக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை. அக்கா கட்சி இது: வாழ்நாள் முழுவதும் கடமையைத் தேர்ந்தெடுத்தவன், ஒரே ஒரு முறை, அரசனாக இல்லாமல் அவளுடைய ஆளாக இருப்பதைத் தேர்ந்தெடுக்கிறான். அந்த ஒரு தேர்வுக்காகத்தான் பதினேழு அத்தியாயமும். நான் என்ன சொன்னேன் என்றால், அக்கா, அது யாருடைய கனவு என்று பார். தெரியாதவர்போலப் போய்விடுங்கள் என்று கேட்டாள் ஒருத்தி. அவளுடைய கடைசி வேண்டுகோள் அது. கனவில் அதைக்கூட அவன் நிறைவேற்றவில்லையே. அக்கா விடவில்லை. சாகும்போது அவன், என்னைக் கொஞ்சமும் நேசிக்கவில்லையா என்று கேட்டதற்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்பதை மறந்துவிட்டாயா என்றார். மறக்கவில்லை. விருப்பம் இல்லாவிட்டால் எங்காவது ஓடிப் போயிருப்பேன், உங்கள் பக்கத்தில் இருந்தது நானே எடுத்த முடிவு, அதுகூடத் தெரியவில்லையா என்று அவள் கேட்கிறாள். நேசிக்கிறேன் என்ற சொல்லைச் சொல்லாமலே அதைச் சொல்லிவிட்டுப் போகிறாள். கூடவே அடுத்த பிறவியில் வேண்டாம் என்றும் சொல்கிறாள். இரண்டும் அவளுக்கு உண்மை. அக்கா முதல் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், நான் இரண்டாம் பாதியை.

கனவுக் காட்சி அழகாக எடுக்கப்பட்டிருக்கிறது. நானும் அழுதேன். ஆனால் தோழிகளைக் கேட்ட காட்சிக்கு இருந்த துணிச்சல் இதற்கு இல்லை. அங்கே தொடர் அவள் பக்கம் நின்றது. இங்கே அரசன் பக்கம் போய்விடுகிறது. வரலாற்றில் எழுதுகோல் அவன் கையில் இருந்தது, கல்லறை வாசகத்தை அவன் எழுதினான். புனைவிலும் கடைசிக் கனவை அவனுக்கே கொடுக்க வேண்டுமா? நால்வரும் ஒரு அறையில் உட்கார்ந்து கதைப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிற கனவு ஒன்றை அவளுக்குக் கொடுத்து முடித்திருந்தால், பார்வையாளர் அளவு இரண்டு விழுக்காடு குறைந்திருக்கலாம். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய மனத்தாங்கல் ஒன்று இருக்கிறது. இந்தத் தொடரில் அரசி இல்லை. சானின் பட்டத்து மனைவி ஹியோஉய் அரசியைப் பற்றி அவ்வப்போது பேச்சு வருகிறதே தவிர, அவர் திரையில் தோன்றுவதே கிடையாது. காரணம் தெரியாமல் இல்லை. நல்ல மனைவி ஒருத்தி கண்ணெதிரே நின்றால் பார்வையாளர்களால் இந்தக் காதலை நிம்மதியாகப் பார்க்க முடியாது. உண்மையான தொக்-இம் முதல் மறுப்புக்குச் சொன்ன காரணமே அந்த அரசிதான். தொடரில் அந்தக் காரணத்தை எடுத்துவிட்டு, என் வாழ்க்கை எனக்கு வேண்டும் என்ற காரணத்தை வைத்தார்கள். அதனால் தொக்-இம்முக்கு உயிர் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பெண்ணுக்கு அறை கொடுப்பதற்காக இன்னொரு பெண்ணை வீட்டை விட்டே அனுப்பிவிட்டார்கள். எம்பிசியே 2007-இல் இதே மன்னனை வைத்து ‘யி சான்’ என்று 77 அத்தியாயங்களுக்குத் தொடர் எடுத்தது. அதில் அரசிக்கு நாற்காலியாவது இருந்தது.

உண்மையில் யார் யாரோடு இருக்கிறார்கள் என்று பாருங்கள். தொக்-இம்மையும் மகன் முன்ஹ்யோவையும் சியோலில், இன்றைய ஹியோசாங் பூங்கா இருக்கும் இடத்தில், அருகருகே புதைத்திருந்தார்கள். ஜப்பானிய ஆட்சியின் கடைசிக் காலத்தில் இருவரையும் தோண்டி எடுத்து, கோயாங்கிலுள்ள சொசாம்னுங் கல்லறை வளாகத்தில் வெவ்வேறு இடங்களில் வைத்துவிட்டார்கள். ஜொங்ஜோ சுவோனுக்கு அருகே, தந்தை சாதோவின் கல்லறைக்குப் பக்கத்தில் இருக்கிறான். அவனோடு ஒரே மேட்டுக்குள் இருப்பவர் ஹியோஉய் அரசி. 1762-இல், எட்டு வயதில், மருமகளாக அரண்மனைக்குள் வந்தவர். அதே ஆண்டு கோடையில் மாமனாரை மரப்பெட்டிக்குள் அடைத்தார்கள். பிள்ளை இல்லை. கணவன் இன்னொருத்திக்காக எழுதிய கல்லறை வாசகத்தில் அவள் மறுத்ததற்குக் காரணமாக ஒரு வரியில் வருகிறார். கணவனுக்குப் பிறகும் 21 ஆண்டுகள் இருந்து 1821-இல் இறந்தார். அடுத்து யாராவது ஜொங்ஜோவின் கதையை எடுப்பதாக இருந்தால், சம்பளமே வாங்காமல் பார்க்க உட்காரத் தயாராக இருக்கிறேன், அந்த எட்டு வயது மருமகளிடமிருந்து ஆரம்பிப்பதாக இருந்தால்.